வேண்டாம் என்றால் ரத்து செய்யும்

3 நவம்பர் 2025, திங்கள்

காலையிலிருந்து மழை. ஞானசுந்தரம் சாரின் ஜீப் புக்கிங்குக்கு ஏஐ ஏஜென்ட் இன்று வேலையைத் தொடங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் யார் என்ன கேட்டாலும், பதிவு, ரத்து என்று மென்பொருளில் உள்ள கருவிகளில் தகுந்ததை எடுத்து அதுவே முடித்துவிடும். எந்தக் கருவி எதற்கு என்று அதற்கு எழுதிவைப்பது என் பொறுப்பு. பதினொரு கருவி, ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி விளக்கம். சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டேன். "அதுக்குள்ளயா ரூபி!" என்றார் சார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

8 நவம்பர், சனி

செம்மநத்தம் மரியசெல்வி அக்காவுக்கு ஜீப் போகவில்லை. புதனும் சனியும் காலை ஐந்தரைக்கு அவரை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். இரண்டு வருட வழக்கம். இன்று எட்டு மணி வரை ரோட்டோரம் மழையில் நின்றிருக்கிறார்.

ஏஜென்ட் பேசியதும் செய்ததும் பதிவாகும் லாகைத் திறந்தேன். செவ்வாயன்று அக்கா அனுப்பிய குரல் பதிவு: "நாளைக்கு ஜீப்பு வேண்டாங்க. தம்பி காரு கொண்டாறான்." ஏஜென்ட் எடுத்தது 'பயண ரத்து' கருவி. அதற்கு நான் எழுதியது: "வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் ரத்து செய்யும்." அந்தக் கருவி இனி வரும் எல்லாப் பயணங்களையும் அழித்துவிடும். அதை நான் எழுதவில்லை. ஒருநாள் மட்டும் நிறுத்த வேறு கருவி உண்டு. அதற்கு எழுதியது: "பயணத்தை நிறுத்தும்."

இரண்டு வரியையும் படித்தால் எது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. ஏஜென்ட் பாவம், நான் எழுதியதை நம்பியது.

9 நவம்பர், ஞாயிறு

அக்காவுக்கு மூச்சுத்திணறல். ஐசியூவில் சேர்த்திருக்கிறார்கள். பூசையில் முழங்காலில் நின்றேன், ஜெபம் வரவில்லை.

10 நவம்பர், திங்கள்

சார் டிரைவர் ஐயாக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"ரெண்டு வருசமா போற ஊடு. ஏன் போகல?"

"லிஸ்டுல அக்கா பேரு இல்லீங்க, அடிவாரம் டிரிப்புதான் இருந்துச்சுங்க. ஆஸ்பத்திரியிலயே தங்கிட்டாங்களாட்டம்னு நெனச்சுட்டனுங்க."

யாரும் கேட்காமலே நான் வாயைத் திறந்தேன்: "சாஃப்ட்வேர்ல ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க சார்." எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். சாருக்கு அது உறைக்கவில்லை. ஐயாக்கண்ணுவிடமிருந்து ஜீப் சாவியை வாங்கிக்கொண்டார். போகும்போது ஐயாக்கண்ணு என்னிடம் வழக்கம்போல "வர்றனுங்க" என்றார். சீ, நானெல்லாம் ஒரு மனுசியா?

11 நவம்பர், செவ்வாய்

இரண்டு கருவியின் விளக்கத்தையும் சத்தமில்லாமல் திருத்தினேன்; சந்தேகம் வந்தால் வாடிக்கையாளரையே கேட்க வேண்டும் என்றும் சேர்த்தேன். திருத்தினால் ஆச்சா?

13 நவம்பர், வியாழன்

சந்தையில் ஐயாக்கண்ணுவின் மனைவி தேவகுமாரி. என்னிடம் போய்க் கேட்கிறார் — "ஏனுங்க ரூபி, சார்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? மனுசன் சோறு திங்கறதில்லை. அக்கா உசுருக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம்பாவந்தான்னு நொம்ப அழுவுறாருங்க."

தலையாட்டினேன். காய் வாங்காமல் வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். முடியல. இதுக்கு மேல என்னால முடியல.

14 நவம்பர், வெள்ளி

சொல்லிவிட்டேன். லாகையும் என் பழைய வரிகளையும் சார் முன்னால் வைத்தேன். இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். "இதைப் படிச்சிருந்தா நானே எல்லா டிரிப்பையும் அழிச்சிருப்பேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து: "திங்கக்கிழமை ஐயாக்கண்ணு இங்க நின்னப்ப நீயும் இங்கதானே இருந்தே?"

வேலை போய்விடும் என்றுதான் பயந்தேன். இந்தக் கேள்வி அதைவிட மோசம்.

15 நவம்பர், சனி

சார் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐயாக்கண்ணு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அக்காகிட்டச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். உட்காரச் சொல்லவில்லை.

18 நவம்பர், செவ்வாய்

ஆஸ்பத்திரி. அக்கா வார்டுக்கு வந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப ஐயாக்கண்ணு மறக்கலையா கண்ணு? இத்தன நாளா அவனைத்தான் சபிச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்று சொல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன்.

2 டிசம்பர், செவ்வாய்

இன்றைய லாக்.

அக்கா: "நாளைக்கு ஜீப்பு வேண்டாங்க, தம்பி வர்றான்."

ஏஜென்ட்: "நாளை மட்டும் நிறுத்தவா, இனி எப்போதுமே வேண்டாமா?"

அக்கா: "அட சாமி, நாளைக்கு மட்டுந்தான்! சனிக்கிழமை ஐயாக்கண்ணு வந்தே ஆவோணும்."

நான்கு முறை படித்தேன்.

6 டிசம்பர், சனி

லாகை மட்டும் நம்ப மனம் வரவில்லை. செம்மநத்தம் ரோட்டில் நானே போய் நின்றேன். ஐந்து இருபதுக்கே ஜீப் வந்துவிட்டது. ஐயாக்கண்ணு அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றினார், கதவைச் சாத்தினார், என்னைத் தாண்டித்தான் வண்டியை எடுத்தார்.

"வர்றனுங்க" என்று சொல்லவில்லை.