வாசலில் யார் நிற்பது, வாப்பா?

என் வாப்பாவுக்கு, உங்கள் சின்ன மகள் சொல்லும் ஸலாம்.

மற்றப் பிள்ளைகளின் வாப்பாமார் மௌத்தாகி ஊரிலேயே அடக்கமானால், மையவாடிச் சுவரைக் கடந்து போகும்போது ஒரு ஸலாமாவது சொல்லிவிட்டுப் போகலாம். நீங்கள் வேலைக்குப் போன சவுதியிலேயே ஏதோ ஒரு மணல்வெளியில் அடங்கியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எல்லாரும் வாசிக்கும் இடத்தில் எழுதுகிறேன். வாசிப்பவர்களில் யாராவது உங்களுக்காக ஒரு துஆ கேட்கமாட்டார்களா?

முதலில் நல்ல செய்தி. உங்கள் மூத்த மகளுக்கு, என் ராத்தாவுக்கு, கலியாணம் சரிவந்துவிட்டது. மாப்பிள்ளை மருதமுனைக்காரர். மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். நீங்கள் இருந்திருந்தால், "பைக் திருத்திறவனுக்கு சொந்தமா ஒரு பைக் இரிக்கா?" என்றுதான் கேட்டிருப்பீர்கள். இருக்கிறது வாப்பா. ஆனால் அதுதான் வழியில் அடிக்கடி நின்றுபோகிறது.

இப்போது கலியாணத்துக்கு அழைப்பு அட்டை அடிப்பவர்களும் கூடவே ஒரு வீடியோ செய்து போனில் அனுப்புகிறார்கள். பாட்டுப் போகும். எழுத்துகள் ஆடிக்கொண்டு வரும். கல்முனையில் அதைச் செய்து கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. ராத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. "எல்லாரிட கலியாணத்துக்கும் ஒரே ரோசாப் பூவத்தான் பறக்க விடுறான். நீ செய்து தாடி. நாள் முழுக்க போனோடதானே இரிக்காய்" என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். நீங்கள் மௌத்தான பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. யாரும் மறிக்கவில்லை. வகுப்புக்குள் நுழைந்தால் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பது போல இருந்தது. ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, பிறகு அப்படியே நின்றுவிட்டேன். வீட்டில் இருந்து போனில் ஒரு செயலியை வைத்து எழுத்துகளை ஓடவிட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு வாய் திறக்கத் தேவையில்லை. யார் முகத்தையும் பார்க்கத் தேவையில்லை.

ஆனால் ஒரு முழுப் பாட்டுக்கு எழுத்தை ஆடவைத்தது கிடையாது. எந்தப் பாட்டை எடுப்பது? அப்போதுதான் உங்கள் பாட்டு நினைவுக்கு வந்தது. சவுதியில் வேலை முடிந்து வந்து, அறையில் உட்கார்ந்து, சோற்றுக் கோப்பையில் இரண்டு கரண்டியால் தட்டித் தட்டிப் பாடிக் குரலைப் பதிந்து அனுப்பினீர்களே, அது. "மூத்தவள்ட கலியாணத்துக்கு ஊரக் கூப்பிடுறது நான்தான். இப்பவே பழகிறன்" என்று முதலில் சொல்வீர்கள். பிறகு பாடுவீர்கள்.

பந்தலுக்கு மணல் பரப்பி
பாய் விரிச்சு வச்சிருக்கன்
பாத பாத்து நிக்கிறன் நான்
பசியோட வாங்க மக்காள்

பின்னால் படுத்திருக்கும் யாரோ இந்தியில் ஏசுவார். நீங்கள் சிரித்துக்கொண்டே அடுத்த தட்டுத் தட்டுவீர்கள்.

உம்மா அந்தக் குரலைக் கேட்பதே இல்லை. போனில் உங்கள் பெயர் கண்ணில் பட்டால்கூட விரலால் கீழே தள்ளிவிடுவார். அதனால் காதுக்குள் செருகிக்கொண்டுதான் வேலை செய்தேன்.

எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு எழுத்து விழவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் அந்தச் செயலிக்குத் தமிழ் விளங்காது. 'வச்சிருக்கன்' என்று போட்டால் 'சி'யின் விசிறியும் 'ச்'சின் புள்ளியும் எழுத்தை விட்டுத் தனியே வந்து அந்தரத்தில் தொங்கின. கடைசியில் எழுத்தெழுத்தாக விடும் ஆசையை விட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லாகக் கையால் நகர்த்தினேன். குரலோடு சரியாகச் சேர்த்தாலும் சொல் பிந்தி வருவது போல இருந்தது. குரலுக்குத் துளி முன்னால் வைத்தால்தான் இரண்டும் ஒன்றாக வருவது போலத் தெரிகிறது. இதை யாரும் சொல்லித் தரவில்லை. பிழையாகச் செய்து செய்து கண்டுபிடித்தேன். நீங்களும் ஒரே வேகத்தில் பாடவில்லை. களைத்தால் மெதுவாகிறீர்கள். சிரித்தால் ஓடுகிறீர்கள். உங்கள் மூச்சின் பின்னாலேயே ஓடி ஓடி எனக்கு இருக்கமுடியவில்லை, படுக்கமுடியவில்லை.

கடைசித் திரையில் அழைப்பவர் பெயர் வரவேண்டும். மௌத்தானவர் பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்று போடுவது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். போட்டுத்தான் பார்த்தேன். நீங்கள் பாடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல் வந்தது, பாடுகிறவரின் வாயை யாரோ வந்து பொத்துவது போல இருந்தது. அழித்துவிட்டு, 'அன்புடன் அழைப்பது: ஆதம்பாவா' என்று உங்கள் பெயரை மட்டும் விட்டேன்.

ராத்தாவிடம் பார்க்கத்தான் கொடுத்தேன். அவள் பார்த்தாள், துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குடும்பத்துக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் அனுப்பிவிட்டாள். அது எங்கெல்லாம் போனதோ.

அஸர் தொழுகை முடிந்த கையோடு உங்களுக்கு மூத்தவர், எங்கள் பெரியவாப்பா, வந்தார். தலையில் தொப்பி அப்படியே இருந்தது. நான் அறைக்குள் ஓடி வாசல் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"இது ஆருட வேல?"

"தங்கச்சிதான் செய்த" என்றாள் ராத்தா.

"மௌத்தான மனிசன் கலியாணத்துக்குக் கூப்பிடுவாரா புள்ள? மர்ஹூம் எண்டு ஒரு சொல்லுப் போட ஏலாதா? வரிப்பத்தான்சேனையில இருந்து ஒருத்தர் போன்ல கோல் எடுத்து, 'உங்கட தம்பி மௌத்து எண்டு சொன்னது பொய்யா?' எண்டு கேக்கிறாரு. நான் என்னத்தச் சொல்ற?"

நம்பாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வாப்பா. உங்கள் ஜனாஸா ஊருக்கு வரவும் இல்லை, இங்கே யாரும் தூக்கவும் இல்லையே.

அவர் போனை எடுத்து அதைச் சத்தமாகப் போட்டார். குசினியில் உம்மா தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"இங்க பாருங்க, 'வாங்க மக்காள்' எண்டுறாரு." பாதியில் நிறுத்தினார். "என்ட பேரப் போடு. பாட்ட எடுத்துப்போட்டு நபியப் புகழுற நல்ல பைத்து ஒண்டு வை. கூப்பிட்டவன் பந்தல் வாசல்ல நிண்டு, வாறவங்களட கையப் புடிச்சு 'வாங்க' எண்டு சொல்லணும். இல்லாட்டி ஆக்கள் சாப்பிடாமத் திரும்பிப் போயிருவாங்க. நம்மட வழக்கம் அது. இவர் வந்து நிப்பாரா?"

அவர் கேட்டதில் பிழை இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் குரலை எடுத்துவிட்டால் ராத்தாவின் கலியாணத்தில் உங்களுடையது என்று என்ன இருக்கும்?

"நான் நிப்பன்" என்றேன்.



"ஆரு? நீயா?" பெரியவாப்பாவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுக்கு ஆள் வந்தா ஒளியிறவள். இப்பவும் திரைக்குப் பின்னால நிண்டுதானே கதைக்காய்?"

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தேன். ஆனாலும் வந்தேன்.

உம்மா குசினி வாசலில் நின்றார். விரலெல்லாம் தேங்காய்ப்பூ. "திருப்பிப் போடுங்க மச்சான். நான் முழுசாக் கேக்கல்ல."

பெரியவாப்பா போட்டார். நீங்கள் பாடினீர்கள். இந்திக்காரர் ஏசினார். நீங்கள் சிரித்தீர்கள். உம்மா கடைசி வரை அசையாமல் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவர் மௌத்தானதும் உண்ம. புள்ளட கலியாணத்துக்குக் கூப்பிட்டதும் உண்ம. ரெண்டையும் போடு மகள்." அடுத்ததைப் பெரியவாப்பாவிடம் சொன்னார். "பொம்புளப் பக்கம் இவள் நிக்கட்டும். ஆம்புளப் பக்கம் தம்பிக்காக ஆரு நிக்கிற எண்டு நீங்க யோசிங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உடனேயே உட்கார்ந்து மாற்றினேன். 'மர்ஹூம்' என்ற அந்தச் சொல்லைப் பெயருக்கு முன்னால் வைத்தேன். மேலிருந்து விழவைத்தேன், சரிவரவில்லை. பக்கத்தில் இருந்து வரவைத்தேன், அதுவும் சரியில்லை. கடைசியில் அதற்கு ஓர் அசைவும் கொடுக்கவில்லை. மற்ற எல்லாச் சொல்லும் உங்கள் கரண்டிக்கு ஆடுகிறது. அது மட்டும் ஆடாமல் நிற்கிறது. நீங்கள் அதன் பக்கத்திலேயே பாடிக்கொண்டிருக்கிறீர்கள். வாயைப் பொத்துவது போல இப்போது இல்லை, வாப்பா. உங்களுக்கும் அப்படித்தான் படுமா?

பெரியவாப்பாவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று நீலக்கோடு விழுந்தது. பதிலுக்காகப் போனை வைப்பதும் எடுப்பதுமாக நடந்தேன். உம்மா "இரிடி, தல சுத்துது" என்று ஏசினார். பிறகு ராத்தா தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். குடும்பம் முழுவதற்கும் அந்த வீடியோவைப் பெரியவாப்பாவே அனுப்பியிருந்தார். கீழே தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார். 'தம்பிக்காக வாசல்ல நாங்க நிப்பம்.'

'நான்' என்று எழுதவில்லை, வாப்பா. 'நாங்க' என்று எழுதியிருந்தார்.

அதிலிருந்து எனக்குப் பயம் பிடித்திருக்கிறது. சொல்லிவிட்டேன், இனி நிற்கத்தானே வேண்டும்? "வாங்க" என்று சொல்லிப் பழகுகிறேன். நேற்று பூனைக்குச் சொல்லிப் பார்த்தேன். "அதுக்கே கேக்கல்லடி, திரும்பியும் பாக்கல்ல" என்று ராத்தா சிரிக்கிறாள். என் சத்தம் அவ்வளவு சின்னது. உங்கள் பாட்டைக் கேட்டு எத்தனை பேர் வருவார்கள்? ஒவ்வொருவரும் உங்களைப் பற்றி ஏதாவது கேட்டால் நான் என்ன சொல்வேன்?

எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் கூப்பிட்டு வந்த எந்தப் பெண்ணையும் கையைப் பிடிக்காமல் உள்ளே விடமாட்டேன். என் சத்தம் கேட்காவிட்டாலும் கை சொல்லிவிடும். கடைசி ஆள் சாப்பிட்டுப் போகும்வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டேன்.

நீங்கள் கூப்பிட்டவர்களை வரவேற்கப் போகும்,
உங்கள் சின்ன மகள்
கல்முனை