செவலைக்கு ஒரு பிடி சோறு

சென்னை
3-1-1957

அன்புள்ள ஐயாவுக்கு வெள்ளைச்சாமி வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

போன வாரம் ஒரு தவறு செய்துவிட்டேன், பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் விடுதிக்குப் பால் ஊற்றுபவரின் பசு நம் செவலை மாதிரியே இருக்கும். என் தட்டில் மிஞ்சுவதை அதற்குத்தான் வைப்பேன். அன்று மெஸ்ஸில் மிஞ்சியதையும் சேர்த்து ஒரு வாளிச் சோறு வைத்தேன். மாட்டு வைத்தியம் படிக்கிறவன் செய்கிற காரியமா இது? மறுநாள் பசு படுத்துவிட்டது. "அசையே போட மாட்டேங்குது தம்பி" என்று பால்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வைக்கோலைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகள் மாட்டின் வயிற்றில் குடியிருக்கின்றன. திடீரென்று சோறு குவிந்தால் வயிறு புளித்து அவை செத்துப்போகும். அந்தக் கிருமிகளுக்காக, வேறொரு மாடு அசைபோட்டுக்கொண்டிருந்த உருண்டையை அதன் வாயிலிருந்து எடுத்து இதற்கு ஊட்டினோம். மூன்றாம் நாள் எழுந்து வைக்கோல் தின்றது. எனக்குத்தான் இன்னும் இருப்புக் கொள்ளவில்லை.

மாட்டுப் பொங்கலன்று ஆத்தா ஆசையாகத் தாம்பாளம் நிறையச் சோறு வைத்துவிடும். செவலை சினை மாடு. ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். விராலிமலையிலிருந்து யாராவது இங்கே வந்தால் மோர்மிளகாய் கொடுத்துவிடுங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. என் தட்டுச் சோறு மாட்டுக்குப் போவதை மட்டும் ஆத்தாவுக்குப் படித்துக்காட்ட வேண்டாம். வயிறாரச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

மகன்
வெள்ளைச்சாமி