‘ஃபியூஸ்’ என்று உனக்குப் பேர் வைத்தவன் எழுதுகிறேன்

என் பாசத்துக்குரிய தயாளா,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. உன்னோடு பேச எனக்கு முகமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பட்டறையில் பதினோரு வருஷம் அடுத்தடுத்த லேத் மெஷினில் நின்றோம். ஒருநாள் டீக்கடையில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: “மச்சான், வீட்ல கலா பக்கத்துல போனா ஒண்ணும் முடியல. ஆறு மாசமா இப்டித்தான் கீது. டாக்டர பாக்கலாமா?”

எத்தனை நாள் யோசித்துவிட்டு அதைச் சொல்லியிருப்பாய்? நான் சிரித்தேன். “இன்னா மாமே, ஃபியூஸ் பூட்ச்சா?” என்றேன். அதோடு விட்டேனா? மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொன்னேன். மறுநாளிலிருந்து பட்டறையில் உன் பேரே ஃபியூஸ். முதலில் நீயும் சேர்ந்து சிரித்தாய். ஒரு வாரம் கழித்து டிபன் பாக்ஸோடு தனியாகப் போய் உட்கார்ந்தாய். நான் கூப்பிடவில்லை.

சில மாதங்களில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை.

இப்போது எனக்கும் அதே பிரச்சினை, தயாளா. முதுகுவலி, ஓவர்டைம் என்று என் மனைவி சாந்தியிடம் பொய் சொன்னேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாலே எழுந்து போனேன். “என்னப் புடிக்காம பூட்ச்சா?” என்று கேட்டு அழுதாள். அப்போதுதான் உடைத்துச் சொன்னேன். அவளே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. “சரி பண்ணிடலாம். சில பேருக்கு ஹார்ட் பிரச்சினைகூட முதல்ல இப்படித்தான் தெரியும். வெக்கப்பட்டு வீட்லயே இருந்துடாதீங்க” என்றார் டாக்டர். அதற்கு மேல் அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. நீ கேட்டாயே, டாக்டரைப் பார்க்கலாமா என்று.

போன ஞாயிற்றுக்கிழமை முகப்பேரில் உன் வீட்டுக்குப் போய் உன் கலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ விலகிப் படுத்ததற்கு வேறொருத்திதான் காரணம் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். “கடைசி ரெண்டு மாசம் அவருக்கு மூஞ்சி குடுத்தே பேசலண்ணா” என்றாள். எழுந்துபோய்க் கதவைத் திறந்து, “நீங்க கெளம்புங்க” என்றாள். அதில் அந்த ‘அண்ணா’ இல்லை.

நாளை பட்டறையில், அன்று சிரித்தவர்கள் முன்னால், எனக்கு இருப்பதையும் உனக்கு நான் செய்ததையும் சொல்வேன். சிரித்தால் சிரிக்கட்டும். எவனாவது ஒருத்தன் சிரிக்காமல் தலையைக் குனிந்தால், அவனை நானே டாக்டரிடம் கூட்டிப்போவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிச் சொல்லிக்கொள்ளக் கூசினாலும்,
உன் மச்சான்,
ரவி