கண்வலிப் பூ இருந்த மேடு

புடவைக் கொசுவம் நிறைய மணலோடு வீட்டுக்குள் நுழைந்து அம்மாவிடம் திட்டு வாங்கும் என் பகவதியக்காவுக்கு,

நீ போய் இந்த ஐப்பசியோடு இரண்டு வருஷம். இதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. சொல்ல வேண்டியதை நினைத்தாலே பேனா நகரவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். கொட்டிவாக்கத்து மணல்மேட்டில் இந்த வருஷம் ஒரு செங்காந்தள்கூடப் பூக்கவில்லை. அதற்குக் காரணம் நான்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பா இன்னும் தியாகராயநகர் துணிக்கடைக்குப் போய்வருகிறார். நீ உன் செடிகளைப் பழைய பேப்பருக்குள் வைத்து, துணி பேல்களுக்கு அடியில் அழுத்திவைக்கும் மூலையில் இப்போது நைலக்ஸ் புடவைகளை அடுக்கியிருக்கிறார்கள். அம்மா அதிகம் பேசுவதில்லை. நான் அதே நூலகத்தில், அதே நாற்காலியில்.

உன் தகரப் பெட்டியை நான்தான் திறந்தேன். உலர்ந்த செடிகள் ஒட்டிய தாள்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் உன் குண்டு எழுத்தில் ஒரு சீட்டு: செடியின் பெயர், குடும்பம், பறித்த தேதி, இடம், பறித்தவர். தாவரவியல்காரர்கள் இடத்தை எழுதாமல் விடமாட்டார்கள் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். இடம் தெரியாத செடி விலாசம் இல்லாத தபால் என்பாய். உன் கல்லூரிப் பெண்கள் அந்த வரியை விட்டுவிட்டால் நோட்டைத் திருப்பிக் கொடுப்பாய்.

செங்காந்தள் தாளில் மட்டும் இடம் என்ற வரி வெறுமையாக இருந்தது.

மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். மஞ்சள் காமாலை வந்து படுத்தவளுக்கு எல்லாவற்றையும் முடிக்க நேரமில்லாமல் போய்விட்டது என்று அழுதேன். அந்தச் சீட்டில் இருந்த தேதியைக் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும், நீ அதை எழுதியது படுப்பதற்கு மூன்று வருஷம் முன்னால். நான் கவனிக்கவில்லை. என் பேனாவை எடுத்து, உன் எழுத்தைப் போலவே குண்டாக எழுதினேன்: கொட்டிவாக்கம், கடலோர மணல்மேடு.

உனக்காக ஒன்று செய்துவிட்ட நிம்மதியோடு அன்றைக்குத் தூங்கினேன்.

பிறகு கட்டுரை. ஒரு வாரப் பத்திரிகையின் தீபாவளி மலருக்காக உன்னைப் பற்றி எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நீயும் நானும் திருவான்மியூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததை எழுதினேன். அடப்பங்கொடி மணலை இழுத்துப் பிடித்திருந்த அந்த மேட்டில், தாழம்புதருக்குப் பின்னால், நெருப்பைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி வரிசையாக நின்ற செங்காந்தளை எழுதினேன். ஆசிரியர் கடிதம் போட்டார்: "வாசகர்கள் போய்ப் பார்க்க வழியும் கொடுங்களேன்." கொடுத்தேன். எந்த இடத்தில் இறங்க வேண்டும், எந்தப் பனைமரத்துக்கு எதிரே திரும்ப வேண்டும் என்பதுவரை. அதைத் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டார்கள்.

இன்னொன்றும் எழுதினேன். கன்னியம்மாவை நீ மறந்திருக்கமாட்டாய். மேட்டுக்கு அடியிலேயே குடிசை, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கப் போகிறவள். முதல் தடவை நாம் அந்தப் பூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது கூடையை இறக்கிவிட்டு ஓடி வந்தாளே.

"இன்னாமே, அத்தப் போயி உத்து உத்துப் பாத்துகினு கீறீங்க? அது கண்ணுவலிப் பூ. பாத்தா கண்ணு நோவும். எங்க ஊட்டுப் புள்ளைங்க அந்தாண்டையே போவாது."

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஆமாம்மா, உறுத்துற மாதிரிதான் இருக்கு" என்று எழுந்துவிட்டாய். திரும்பும் வழியில், "இவ்வளவு படித்துவிட்டு இதையும் ஒப்புக்கொள்கிறாயே" என்று உன்னைக் கேலி செய்தேன். நீ முன்னால் நடந்தாய். அந்த அம்மாவின் மனசு நோகக்கூடாது என்று நடித்தாய் என்றே நினைத்தேன்.

கட்டுரையில் அதையும் சேர்த்தேன். "பார்த்தால் கண் வலிக்கும் என்பது வெறும் மூடநம்பிக்கை. என் அக்கா ஐந்து வருஷம் பார்த்தாள். தயங்காமல் போய்ப் பாருங்கள்." எழுதும்போது எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா.

மலர் வந்த சில நாளில் உன் முதல் வருஷத் திதி. அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கடையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். அன்று காலை ராயப்பேட்டையிலிருந்து இரண்டு வேன் வாடகைக்கு வந்து வாசலில் நின்றது.

"ஏட்டி கோமதி, நம்ம கடையாளுக அம்புட்டு பேரும் வாராவ. அவ பூவாலயே அவளுக்கு ஒரு மாலை போடணும்ட்டி. மார்க்கெட்டுப் பூ வேண்டாம்" என்றார் அப்பா.

மேட்டின் உச்சியில் மடக்கு நாற்காலி போட்டு உன் படத்தை வைத்தார்கள். கடைப் பெண்கள் புதருக்குள் இறங்கிப் பறித்தார்கள். செங்காந்தளுக்குக் காம்பு பலமில்லை, மாலைக்கு ஒத்துவராது என்பது அவர்களுக்குத் தெரியாது. பறித்தது நசுங்க நசுங்க இன்னும் பறித்தார்கள். கொடியோடு இழுத்தார்கள். கணக்குப்பிள்ளை அண்ணன், "ஏ தங்கச்சி, இது மயிலாப்பூர்த் தேரைவிட ஜோரால்லா இருக்கு" என்று மொட்டுகளையும் அள்ளிக்கொண்டு வந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா உன் படத்தின் முன்னால் மணலில் உட்கார்ந்து தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். நீ போன நாளில்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. அந்த மனிதரிடம் போய், மாலை வேண்டாம் அப்பா என்று எப்படிச் சொல்வது? நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாயா?

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார்கள். மகாபலிபுரம் போகிற சுற்றுலா வண்டிகள்கூட ஒரு அரைமணி இங்கே நிறுத்திவிட்டுப் போனதாகக் கேள்வி. நானே இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மேட்டின் மேல் ஜமக்காளம், டிரான்சிஸ்டர், புளியோதரைப் பொட்டலம். ஒரு சின்னப் பெண்ணைப் பூவுக்கு நடுவில் நிறுத்திப் போட்டோ எடுக்க, அவள் அப்பா காலால் கொடியை ஒதுக்கி இடம் செய்தார். அடையாறிலிருந்து வந்த ஒரு அம்மாள் என்னிடமே கரண்டி இருக்கிறதா என்று கேட்டார். கிழங்கோடு தோண்டிக் கொண்டுபோய்த் தொட்டியில் வைக்கப் போகிறாராம். "பத்திரிகையில் போட்டிருந்தான், பார்த்தேளோ? அந்தப் பொண்ணு என்னமா எழுதியிருக்கா!" என்றார். நல்ல மனுஷி. எல்லாருமே நல்ல மனுஷர்கள்தான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

காணும் பொங்கலன்று நான் போகவில்லை. மறுநாள் போனேன். மெரினாவில் இடமில்லாதவர்களுக்கெல்லாம் ஒரு புது இடம் தெரிந்திருந்தது. கரும்புச் சக்கை, வாழையிலை, உடைந்த வளையல். அடப்பங்கொடி கயிறு கயிறாக அறுந்து கிடந்தது. கிழங்கு தோண்டிய குழிகளில் குப்பை நிரம்பியிருந்தது. தாழம்புதரை யாரோ அடுப்புக்கு வெட்டியிருந்தார்கள்.

அப்போதும் எனக்கு நம்பிக்கை இருந்தது. மண்ணுக்குள் ஒரு துண்டுக் கிழங்காவது மிஞ்சியிருக்கும், அடுத்த மழைக்கு முளைக்கும் என்று. நீதானே சொன்னாய், அது வெயில்காலம் முழுக்கச் செத்த மாதிரி கிடக்கும், மழை வந்தால் எழுந்துகொள்ளும் என்று.

போன வாரம், மூன்று நாள் மழைக்கு அப்புறம் போனேன். மேடு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. பிடித்து வைக்கக் கொடி இல்லாததால் மணல் சரிந்து, காற்றில் பறந்து, கன்னியம்மாவின் குடிசைக்குள் முழங்கால் உயரத்துக்குப் போயிருந்தது. முன்பு மேடு தடுத்த அலை இந்த மழையில் அவள் அடுப்பு வரை வந்துவிட்டதாம். அவள் முறத்தால் மணலை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டேன். அவள் வாரிக்கொண்டே கேட்டாள்.

"கண்ணு நோவாதுன்னு எழுதிட்டியாமே? பேப்பர்ல வந்திச்சின்னு சொன்னாங்கோ."

"ஆமாம்மா."

"ஏம்மே, பாத்தா கண்ணு நோவாதுன்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க இன்னா லூசா? அந்தக் கெழங்கு வெசம். ஆடு தின்னா செத்துப்புடும், புள்ளைங்க நோண்டித் தின்னாலும் செத்துப்புடும். சின்னப் புள்ளைக்கு வெசம்னா இன்னா தெரியும்? அதான் கண்ணு நோவும்னு சொல்றது. எங்கம்மா எனக்குச் சொல்லிச்சி, நான் எம் புள்ளைங்களுக்குச் சொன்னேன். அதுவும் பொழச்சிக் கெடந்திச்சி, நாங்களும் பொழச்சிக் கெடந்தோம்."

சட்டியை வைத்துவிட்டு நின்றேன்.

"உங்க அக்காளுக்கு அது புரிஞ்சிது. அந்தப் பொண்ணு ஒரு வாட்டி தனியா வந்திச்சி. யாராண்டயும் சொல்லமாட்டேன் கன்னியம்மா, எழுதக்கூட மாட்டேன்னு சொல்லிட்டுப் போச்சி. நீ ஏன்மே இப்பிடிப் பண்ண?"

அப்போதுதான் அக்கா, அந்த வெறும் வரி எனக்குப் புரிந்தது. அது நீ மறந்த வரி இல்லை. கொடுத்த வாக்கு. அதன் மேல்தான் நான் எழுதியிருந்தேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? படித்ததையெல்லாம் யாருக்காவது சொல்லிவிடத் துடிக்கிறவள் நான் என்று உனக்குத் தெரிந்திருந்ததாலா? அல்லது என்றாவது நானே புரிந்துகொள்வேன் என்று காத்திருந்தாயா?

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்தேன். நான் எழுதியதை பிளேடால் சுரண்டினேன். மை ஆழமாக இறங்கியிருந்தது. சுரண்டச் சுரண்டத் தாள் மெலிந்து, கடைசியில் ஓட்டையாகிவிட்டது. பெயர், குடும்பம், தேதி, பறித்தவர் எல்லாம் உன் கையெழுத்தில் அப்படியே இருக்கின்றன. இடம் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. அதன் வழியே கீழே இருக்கும் தாள் தெரிகிறது.

பத்திரிகை ஆசிரியர் இந்த வருஷமும் எழுதியிருக்கிறார். போன கட்டுரைக்கு ஏகப்பட்ட வரவேற்பாம். "உங்கள் அக்கா போய்வந்த வேறு இடங்கள் இருக்குமே?" என்று கேட்கிறார். இருக்கின்றன. உன்னோடு நடந்தவள் நான், ஒவ்வொன்றுக்கும் வழி தெரியும். அவருக்கு இந்தக் கடிதத்தைத்தான் அனுப்பப் போகிறேன். இதில் கொட்டிவாக்கத்தின் பெயரை நான் மறைக்கவில்லை. மறைத்துக் காப்பாற்ற அங்கே இனி எதுவும் இல்லை.

அப்பாவிடம் இதையெல்லாம் இன்னும் சொல்லவில்லை; அச்சில் வரும்போது படிக்கட்டும். இந்த வருஷத் திதிக்கும் வேன் சொல்லட்டுமா என்று கேட்டார். பூ இல்லை அப்பா என்றேன். "மழ பத்தலையோ?" என்றார். ஆமாம் என்றேன். அந்தப் பொய்யை உன் கணக்கில் எழுதாதே, அது என்னுடையது.

உனக்கு ஒரு வாக்கு. மற்ற இடங்களை நான் எழுதமாட்டேன், யாருக்கும் வழி காட்டமாட்டேன். எங்காவது ஒரு வேலியோரம் அந்தப் பூவைப் பார்த்துவிட்டு யாராவது என் கையைப் பிடித்து, இது என்ன பூ, கிட்டே போகலாமா என்று கேட்டால் நான் சிரிக்கமாட்டேன். கண்ணைக் கசக்கிக்கொள்வேன். வலிக்கும், வாருங்கள் போகலாம் என்று சொல்லி, அவர்களுக்கு முன்னால் எழுந்து நடப்பேன்.

இரண்டு வருஷம் தாமதமாக உன் பின்னால் நடந்து வரும்
உன் தங்கச்சி
கோமதி