பதினான்காம் அறை, மூன்றாம் கட்டில்

உங்கள் எவர்சில்வர் டம்ளர் கிடைத்துவிட்டது. பனியாற்றின் கீழ் விளிம்பில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் கண்டெடுத்ததாக மாவட்ட அலுவலகத்திலிருந்து நேற்று மின்னஞ்சல் வந்தது. உங்களைப் பற்றி நான்கு ஆண்டுகளாக விசாரித்து எழுதிக்கொண்டிருப்பவன் என்பதால் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். படத்தில் டம்ளர் நசுங்கியிருக்கிறது. அடியில் உள்ள 14-3 என்ற எண்தான் அவர்களுக்குப் புரியவில்லை. வளைகுடாவில், முசஃபா தொழிலாளர் கேம்பில் பதினான்காம் அறை, மூன்றாம் கட்டில். எட்டுப் பேர் இருந்த அறையில் சாமான் மாறிவிடக் கூடாதென்று நீங்களே எண் அச்சை வைத்துத் தட்டியது.

வெயிலில் வேலை செய்பவர்களைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத வந்த எனக்கு அந்த டம்ளரில்தான் தேநீர் கொடுத்தீர்கள். பட்டாளத்தில் வெல்டராக இருந்தபோது தூரத்தில் பார்த்த பனியாற்றை ஒருமுறை நடந்து கடக்க வேண்டும் என்றீர்கள். அந்த வாரத்திலிருந்து உங்கள் கட்டிலில் வரைபடத்தை விரித்து இருவரும் திட்டம் போட்டோம். எட்டு நாள் நடை, ஒரு கணவாய், இடையில் ஊர் கிடையாது. பிளவுகளைத் தாண்டக் கயிறு, ஒரு வழிகாட்டி, ஆளுக்குப் பதினெட்டுக் கிலோ சுமை. குளிரில் படுக்கும் தூங்கும் பையைச் சோதிக்க, உறைந்த கோழி வைக்கும் குளிர்கிடங்கில் இரண்டு மணி நேரம் படுத்தோம். "செத்துட்டா ரெண்டு பேரையும் கார்ட்டன் கணக்கில சேர்த்துருவேன், சார்" என்று சொல்லிவிட்டுத்தான் மலையாளி சூப்பர்வைசர் கதவைச் சாத்தினார். அங்கே குளிர் இருந்தது. மலையின் காற்றுக் குறைவை எங்கே போய்ச் சோதிப்பது? உடல் அதற்குப் பழகத் திட்டத்தில் இரண்டு ஓய்வு நாட்கள் வைத்தோம்.

பிறகு என் பாஸ்போர்ட் விசா புதுப்பிப்பில் மாட்டிக்கொண்டது. வழிகாட்டியோடு தனியாகப் போகிறேன் என்றீர்கள். அடுத்த வாரம் சைட்டில் அவசர வேலை வந்து உங்கள் லீவில் ஐந்து நாளைக் குறைத்தார்கள். வீட்டுக்கென்று வைத்த நாட்களில் மூன்றை எடுத்தீர்கள். இன்னும் இரண்டு வேண்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமை லீவுலயும் ஓ.டி. பாக்குற ஆளுக்கு மலையில எதுக்கு பேப்பர்காரரே ரெஸ்ட்? அடிச்சு விடுங்க."

பேனா என் கையில் இருந்தது. அடித்தேன்.

நடையின் ஐந்தாம் நாள் காலை வழிகாட்டி விழித்தபோது கூடாரத்தில் நீங்கள் இல்லை. முந்தைய மாலை கடும் தலைவலி என்று சொல்லியிருக்கிறீர்கள். உயரத்தில் புத்தி தடுமாறி எழுந்து நடந்திருக்கலாம் என்பது அவருடைய ஊகம். இதுவரை உறுதியாகவில்லை.

உங்கள் மனைவி இன்னும் நெற்றியில் பொட்டு வைத்திருக்கிறார். உங்கள் படத்துக்கு மாலை போட யாரையும் விடவில்லை. நேற்று மாலை தொலைபேசியில் அழைத்தேன்.

"அது அவுக டம்ளர்தானா, அத மட்டும் சொல்லுங்க."

ஆமாம் என்றேன்.

"அப்ப ஆளு எங்க?"

டம்ளர் கிடைத்த இடத்திலிருந்து மேல்நோக்கித் தேட, பனி மிகவும் குறையும் செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு குழு போகிறது. நானும் உடன் வரலாம் என்று அதே மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார்கள்.

நாம் போட்ட திட்டத்தின் தாளை இத்தனை நாளும் பையிலேயே வைத்திருக்கிறேன். இன்று காலை அதை எடுத்து, நான் அடித்த கோட்டுக்கு மேலே அந்த இரண்டு ஓய்வு நாட்களையும் திரும்ப எழுதினேன். அவற்றையும் சேர்த்துத்தான் லீவு கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.