டேலி ஆகாமல் எழுந்த நாள்

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றும் முதல் வரிசைதான். கடைசி பெஞ்சில் உட்கார எனக்கும் ஆசை, ஆனால் பலகை தெரிய வேண்டுமே. முப்பத்தொன்பது வயதில் கணக்கியல் பட்டப்படிப்பு, முதலாம் ஆண்டு. காலை ஆறரைக்கு வகுப்பு, ஒன்பதுக்குக் கடை.

மேடம் தேய்மானம் நடத்தினார். அவர் என்னைவிட ஆறு வயது சின்னவர். குழாய் மொத்த விற்பனைக் கடையில் பதினேழு வருடம் கணக்கு எழுதியவளுக்குத் தேய்மானமா புதிது? எங்கள் பழைய லாரி வாங்கிய நாளிலிருந்து அதைக் காயலான் கடைக்குத் தள்ளிய நாள் வரை தேய்மானம் போட்டது நான்தான். மேடம் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டேன். பக்கத்தில் ஸ்கேல் இடித்தாள். "அக்கா, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க."

ஸ்கேல் என்பது நான் வைத்த பெயர். பத்தொன்பது வயது. ஒவ்வொரு கோட்டையும் அளவுகோல் வைத்து இரண்டு தடவை போடுவாள்.

பிப்ரவரி 22, சனி

முதலாளி கூப்பிட்டார். கிளை திறக்கப்போகிறாராம். இரண்டு கடைக்கும் சேர்த்து ஒரு தலைமைக் கணக்கர் வேண்டும். "கடன் கொடுக்கிற பேங்க்ல பட்டம் கேக்கறாங்கம்மா. படிச்சிட்டிருக்கறவங்கன்னாலும் பரவால்லையாம், ஆனா முதல் வருஷமாவது பாஸ் ஆகியிருக்கணும். எனக்கு நீங்கதான். ஆகலேன்னா வெளியில ஆள் பார்க்கணும்."

வெளியிலிருந்தா? நேற்று வந்த ஒருத்தர் என் பேரேட்டைப் புரட்டி எனக்கே கணக்குச் சொல்லிக்கொடுப்பாரா? "பாஸ் பண்ணிடுவேன் சார். அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரை இப்பவே அடிச்சு வெச்சுக்குங்க" என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை, நிஜமாகத்தான் சொன்னேன்.

மார்ச் 10, திங்கள்

மற்ற பாடங்களின் தேர்வெல்லாம் நல்லபடியாக முடிந்தது. நாளை கணக்கியல். இதற்கு என்ன படிப்பது? போர்வைகளை எல்லாம் துவைத்துப் போட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஐந்து கணக்கு, மூன்று மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் இருபது மார்க். முதல் கணக்கை முக்கால் மணியில் முடித்தேன். கூட்டிப் பார்த்தால் இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கத்துக்கும் பதினெட்டு வித்தியாசம்.

பதினெட்டு! கடையில் ஒற்றை நாணயம் உதைத்தாலும், இரவு பத்தானாலும், டேலி ஆகாமல் நான் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. தேடினேன். கீழிருந்து மேலே கூட்டினேன். ஒவ்வொரு தொகையாகக் கேள்வித்தாளோடு ஒப்பிட்டேன். கடைசியில் அகப்பட்டது — கொடுக்க வேண்டிய வட்டியை ஒரு பக்கம் எழுதி, மறுபக்கம் விட்டிருக்கிறேன். சரிசெய்தேன். டேலி. அந்தச் சுகமே தனி. அடியில் இரட்டைக் கோடு போட்டு நிமிர்ந்தால், மேற்பார்வையாளர், "இன்னும் நாற்பது நிமிஷம்" என்கிறார்.

ஒன்றரை மணி நேரம் தேடியிருக்கிறேன்.

இரண்டாவதை ஓட்டமாக முடித்தேன். மூன்றாவதைத் தொடங்கும்போதே மணி அடித்துவிட்டது. பரவாயில்லை. எழுதியதெல்லாம் சுத்தத் தங்கம்.

மார்ச் 28, வெள்ளி

முப்பத்தாறு. நாற்பது எடுத்தால் பாஸ்.

நாலு மார்க். நாலே நாலு மார்க்கு! பதினேழு வருஷமா இதையே தின்னு இதையே குடிச்சவ, கணக்குல ஃபெயில். சொன்னா யாராவது நம்புவாங்களா? எனக்கே நம்ப முடியல.

ஸ்கேலுக்கு எழுபத்தெட்டு. அவள் முகத்தில் சந்தோஷத்தை மறைக்க அவ்வளவு பாடுபட்டாள், பாவம். "சிரிடீ, எனக்காக ஏன் நீ அழணும்" என்று திட்டி அனுப்பினேன்.

மார்ச் 29, சனி

மேடம் விடைத்தாளைக் காட்டினார். முதல் கணக்குக்கு இருபதுக்கு இருபது. இரண்டாவதற்குப் பதினாறு. அப்புறம் எல்லாம் வெள்ளைத் தாள்.

"இந்த ரெண்டு பக்கமும் டேலி ஆனதுக்கு எவ்வளவு மார்க் தெரியுமா?" என்றார்.

"அஞ்சாவது இருக்கும்ல மேடம்?"

"ஒண்ணு."

கோபம் மண்டைக்கு ஏறியது. டேலி ஆகாத கணக்கு என்ன கணக்கு? அதற்கு ஒரு மார்க்கா? மேடம் குரலை உயர்த்தவேயில்லை. "உங்களுக்குக் கணக்கு நல்லாவே தெரியும். பரீட்சை எழுதத்தான் தெரியல."

மறுதேர்வு மே மாதம். அதிலும் போனால் பெயரை எடுத்துவிடுவார்கள். முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன், ஊர் சொல்லி அவர் கேட்க வேண்டாம். "மே முடியற வரைக்கும் பார்க்கிறேன்மா, அதுக்கு மேல பேங்க் விடாது" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். ஞாயிற்றுக்கிழமைதான் நாள் முழுக்க வீட்டில் இருப்பார். ஒரு வாரமாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர், இன்று வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "ஒரு ஸ்டாப்ல ஒருத்தர் வரலேன்னு நான் ஒன்றரை மணி நேரம் வண்டியை நிறுத்திவெச்சா, அடுத்த ஸ்டாப்ல நிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?"

"உங்களைத் திட்டுவாங்க."

"ம்."

அவ்வளவுதான். மறுபடி வெங்காயத்துக்குப் போய்விட்டார். இந்த மனுஷருக்குக் கணக்கில் என்ன தெரியும் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

மீதி நாலு கணக்கும் நாலு ஸ்டாப், ஒவ்வொன்றிலும் எனக்காக மார்க் நின்றுகொண்டிருந்தது. அதுதானே விஷயம்? ஒத்துக்கொள்கிறேன். இவரிடம் சொல்லப்போவதில்லை, தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

ஏப்ரல் 16, புதன்

வகுப்பு முடிந்ததும் தினமும் இருபது நிமிடம் ஸ்கேலோடு பயிற்சி. பாதிக் கணக்குதான் கொடுப்பாள், கையில் கடிகாரத்தோடு நிற்பாள். நேரம் முடிந்ததும் தாளைப் பிடுங்கிக்கொள்வாள். ஈவு இரக்கம் கிடையாது. இன்று ஆறு வித்தியாசத்தில் பிடுங்கினாள். அந்த ஆறு எனக்குத் தெரிந்துவிட்டது, பத்து விநாடி கொடு என்று கெஞ்சினேன். "தரமாட்டேன்க்கா." தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கடைக்குப் போகிற வழியெல்லாம் அந்த ஆறு பின்னாலேயே வந்தது.

நாளை இதைவிட நன்றாகச் செய்வேன். நான் கற்றுக்கொள்ள முடியாத வேலை ஒன்று உண்டா என்ன?

மே 6, செவ்வாய்

முடித்துவிட்டேன். ஐந்தும்!

ஒரு கணக்குக்கு முப்பத்தாறு நிமிடம். முதலாவது வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதில் பிடித்தது சனி. இரண்டு பக்கத்துக்கும் இருநூற்று எழுபது வித்தியாசம். ஒன்பதால் வகுபடுகிற வித்தியாசம் என்றால் பெரும்பாலும் எங்கோ இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருப்போம். தொழிலில் இருப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. எங்கே என்பதுதான் தெரியவில்லை. ஐந்து நிமிடம் தேடினால் அகப்பட்டுவிடும். கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தாறு ஆகிவிட்டது.

பேனா நகரவில்லை. உடம்பே வர மறுத்தது. வித்தியாசத்தை நிறுத்திவைக்கிற அனாமத்துக் கணக்கில் இருநூற்று எழுபது என்று எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவை! தாளைத் திருப்பினேன். அந்தப் பக்கத்தைத் திருப்புவதற்கு, குழாய் லாரியைத் தனியாகத் தள்ளுகிற பலம் தேவைப்பட்டது.

வீட்டுக்கு வருகிற பேருந்தில், மூன்றாவது நிறுத்தம் தாண்டும்போது தானாகவே தெரிந்துவிட்டது. வாடகை 1,470. நான் 1,740 என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பயந்துபோகிற அளவுக்குச் சிரித்தேன்.

மே 23, வெள்ளி

எழுபத்தொன்று.

மேடம் தாளை நீட்டியபடி, "ரெண்டாவது டேலி ஆகல, கவனிச்சீங்களா?" என்றார்.

"தெரியும் மேடம். வாடகை."

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

"விட்டப்புறம்தான் தெரிஞ்சுது மேடம்."

அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். ஸ்கேல் வராந்தாவில் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். என் கண்ணாடி கீழே விழுந்து ஒரு காது உடைந்தது. போகட்டும். முதலாளி ஆர்டரை அடித்தே வைத்திருந்தார், தேதி மட்டும்தான் போடவேண்டியிருந்தது. பாஸ் ஆனாலே போதும் என்றவர், எழுபத்தொன்றைக் கேட்டதும் கடை முழுக்கச் சொல்லிவிட்டார். சொல்லட்டும், நன்றாகக் கேட்கட்டும்.

ஜூன் 2, திங்கள்

தலைமைக் கணக்கராக முதல் நாள். இரண்டு கடைக் கணக்கும் என் மேசைக்கு வந்தன. ஆறு மணிக்குப் பார்த்தால் கிளைக் கணக்கில் நாற்பத்தைந்து உதைத்தது. சீட்டில் குறித்துப் பேரேட்டுக்குள் வைத்தேன். மேசையைப் பூட்டிவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெயில் இருந்தது. இவருக்கு இந்த வாரம் காலைப் பணி; விடியுமுன் எழவேண்டும் என்று சீக்கிரமே தனக்கு மட்டும் தட்டு வைத்துக்கொண்டு உட்காரப் போனார். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"என்னம்மா, உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லீங்க. கணக்கு டேலி ஆகல."

"ஆகலயா? அப்புறம் எப்படி வந்தே?"

"எழுந்து வந்துட்டேன்."

அவர் இன்னொரு தட்டை எடுத்து வைத்தார். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில், வேலை நாள் ஒன்றில் நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது இன்றுதான்.