கையில் கொடுக்காத மங்குஸ்தான்

உன் ஊரிலிருந்து திரும்பிப் பையைக் காலி செய்தேன். இரண்டு வருஷமாக எந்தச் சோப்புக்கும் மசியாத மங்குஸ்தான் கறை, உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே இருக்கிறது. உடைத்த பழத்தைப் பைக்குள் போட்டவள் நீ. கையில் கொடுத்தால் என்ன குறைந்தா போய்விடுவாள் என்று கறுவியவள் நான்.

கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறை. "தென்காசிக் கோபுர வாசல்ல காத்து ஆளப் பிடிச்சுத் தள்ளும் ஏட்டி, வந்து பாரு" என்பாய். நான் சென்னையில் டீச்சராகி, பரீட்சை ஹாலில் பிட் பிடிப்பதில் பேர் வாங்கி, யாரைப் பார்த்தாலும் மடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவளாக ஆகிப்போனேன். இதோ வருகிறேன் என்று மூன்று முறை தள்ளிப்போட்டு, நாலாவது முறை வந்தே விட்டேன்.

வந்ததுமே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. குத்துக்கல்வலசையில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு, எனக்குக் குற்றாலத்தில் லாட்ஜ் ரூம் போட்டிருந்தாய். "வீட்டுல பெயின்ட் அடிக்காங்க" என்றாய். உன் நகத்தில் ஒரு பொட்டுப் பெயின்ட் இல்லை. ஆட்டோவில் நடுவே என் பையை வைத்துவிட்டு, ஓரத்துக் கம்பியோடு ஒட்டிக்கொண்டாய்.

தென்காசிக் கோபுரத்தடியில், "நீ போய்ட்டு வா, நான் செருப்பப் பாத்துக்கிடுதேன்" என்றாய். இரண்டு ஜோடி ரப்பர் செருப்புக்குக் காவலா? நீ அத்தனை காலம் அளந்த காற்றும் இல்லை. அந்த வருஷம் சீசன் பிந்தியிருந்தது. வாசலில் பூக்காரம்மா அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். காற்றே பொய்யென்றால் இவள் சொன்னதில் எதுதான் நிஜம்? சன்னிதியில் நின்று அதைத்தான் யோசித்தேன். சாமி கும்பிட்ட ஞாபகம் இல்லை.

குற்றாலத்தில் அருவி, பாறையில் நூல் இழுத்தமாதிரி வழிந்தது. குற்றாலநாதர் கோயிலிலும் நீ வெளியே, சித்திர சபையிலும் வெளியே. சுவரெல்லாம் ஓவியம் இருக்க, நான் வாசலையே எட்டி எட்டிப் பார்த்தேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு யாருடனோ போனில் பேசினாய். மதம் மாறிவிட்டாளோ? இல்லை, என்னோடு வருவதே கசக்கிறதோ? வெளியே வந்ததும் கேட்டே விட்டேன்.

"எங்கிட்ட என்னத்தை ஒளிக்கே?"

"ஒளிக்கதுக்கு என்னட்டி இருக்கு? முட்டு வலிக்கு" என்று சிரித்தாய். பத்து நிமிஷம் முன்புதான் அந்த முட்டு ஒரு குரங்கை விரட்டிக்கொண்டு ஓடியது. மங்குஸ்தானை உடைத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்து, "எடுத்துக்கோ" என்றாய். நான் எடுக்கவில்லை. அதனால்தான் பைக்குள் போட்டாய்.

சாயங்காலம் ரயிலேறி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "ஏட்டி, போய்ட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போட்டி" என்று ஜன்னலோடு கூடவே நடந்து வந்தாய். நான் வாயைத் திறக்கவில்லை. அதன்பின் நீ போன் செய்தபோதெல்லாம் 'உம்', 'சரி' என்பதற்கு மேல் என்னிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

போன வாரம் நீ செத்த துஷ்டிக்குத்தான் உன் வீட்டு வாசலை முதன்முதலாக மிதித்தேன். உன் வீட்டுக்காரர் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க அன்னைக்கு வந்தப்ப, இலத்தூர்ல எங்க பெரியப்பா செத்து அஞ்சு நாள் டீச்சர். எங்களுக்குப் பங்காளித் தீட்டு. அப்பமும் வீட்டுக்குக் கூட்டிட்டு வான்னுதான் சொன்னேன். 'தீட்டு வீட்டுல கால வச்சிட்டு அவ எப்படிக் கோயிலுக்குப் போவா? மூணு தடவ தள்ளிப்போட்டவ, இப்பதான் வந்திருக்கா. நீங்க சும்மா இரிங்க'ன்னுட்டா. காரியத்துக்குச் சாமான் கேட்டு நான்தான் போன் போட்டுக்கிட்டே இருந்தேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"கேட்டேன். 'சொன்னா, நீ என்னத் தொட்டியா, நான் தீட்டோடயா உள்ள போனேன்னு விசாரணை வைப்பா. அவ கோவம் தணியட்டும்'னா."

தணிவதற்குள் நீ போய்விட்டாய். பிட் பிடிக்கிறவளுக்கு எதிரே இருந்த விடைத்தாளை வாசிக்கத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

துஷ்டி வீட்டில் 'போய்ட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அன்று ரயிலில் நான் தெரியாமலே அதைத்தான் செய்திருக்கிறேன். தீட்டோடு நின்ற நீயோ, எல்லாம் தெரிந்தும், சொல்லச் சொல்லிக் கேட்டாய்.

இந்த முறை உன் வீட்டில் வழக்கப்படி பேசாமல் எழுந்தேன். ரயிலுக்கு நேரம் இருந்ததால் கோபுரத்தடிக்குப் போனேன். துஷ்டி வீட்டிலிருந்து வந்தவள் தலை முழுகாமல் உள்ளே போகக் கூடாது. நீ நின்ற அதே இடத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஆடி மாதம், நல்ல சாரல். வாசலிலிருந்து காற்று வந்து பிடித்துத் தள்ளியது, நீ சொன்னபடியே. தோளில் கிடந்த இந்தப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"போய்ட்டு வாரேன்ட்டி" என்றேன். பூக்காரம்மா திரும்பிப் பார்த்தார்.